பல்பு வாங்கிய கதை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். மூன்று வாரம் முன்பு தங்கள் ஞாயிறு இணைப்பின் வீட்டுத் தோட்டப் பகுதியில் துலிப், டாஃபோடில், ஹயசின்த், குரோக்கஸ் ஆகிய வசந்தகாலப் பூக்களை முற்றத்தில் வளர்ப்பது பற்றி ஒரு கட்டுரை வந்தது. முழுப் பக்கம், நான்கு வண்ணப் படங்கள். எந்தச் சூழலையும் தாங்கக்கூடிய ‘ஹார்டி’ வகைக் கிழங்குகள் இவை, ஒருமுறை நட்டுவிட்டால் ஆண்டுதோறும் தானே பூக்கும் என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதம். இடமில்லையென்றால் வெட்டிப் போடுங்கள், ஆனால் குளிரைப் பற்றிச் சொல்லியிருப்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

நான் பூதப்பாண்டி பக்கத்துக்காரன். ராணுவத்தில் 24 வருடம் இருந்துவிட்டு 2010இல் ஓய்வுபெற்று ஊருக்கு வந்தவன். தோட்டக்கலை படித்ததில்லை. ஆனால் அந்தக் கட்டுரை சொல்கிற வேலையை மூன்று வருடம் தொடர்ந்து செய்து பார்த்து, இரண்டு தடவை தோற்று, ஒரு தடவை அரைகுறையாக ஜெயித்தவன். கட்டுரை வந்த மறுநாள் காலையிலேயே எதிர்வீட்டு வாத்தியார் பேப்பரும் கையுமாக வந்து, “அண்ணாச்சி, நீங்க கிழங்கு வாங்குனது எங்கன்னு சொல்லுங்க, நானும் ஒரு இருபது வாங்கிப் போடுதேன்” என்றார். சாயங்காலம் பால் சொசைட்டியில் இன்னொருவர். இரண்டு பேர் காசையும் தடுத்து நிறுத்தினேன். மாவட்டம் முழுக்க எத்தனை பேர் வாங்கப் போகிறார்களோ.

முதலில் அந்த ‘ஹார்டி’ என்ற சொல். நமக்கு அது காதில் விழுந்தால் முரட்டுச் சாமான், எதைப் போட்டு அடித்தாலும் தாங்கும் என்றுதான் தோன்றும். எங்கள் யூனிட் டிரக்கைக்கூட அப்படித்தான் சொல்வோம். தோட்டக்காரர் பேச்சில் அதற்கு அர்த்தம் வேறு. உறைபனியைத் தாங்கும், அவ்வளவுதான். தரை கல்லாக உறைந்து கிடந்தாலும் கிழங்கு உள்ளே சாகாமல் இருக்கும் என்று குளிர்நாட்டுக்காரன் தன் ஊருக்காக வைத்த சொல் அது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கும் நம் பங்குனி வெயிலுக்கும் அந்தச் சொல் எந்த உத்தரவாதமும் தரவில்லை. துலிப் விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே போகவேண்டும். அது குளிரைத் தாங்குவது மட்டுமில்லை, குளிர் கிடைக்காவிட்டால் பூக்கவே பூக்காது. 12 முதல் 16 வாரம் வரை 9 டிகிரிக்குக் கீழே மண்ணுக்குள் கிடந்தாக வேண்டும். எங்கள் வீட்டுத் திண்ணைச் சுவரில் ஒரு வெப்பமானி மாட்டியிருக்கிறேன். மார்கழி விடியற்காலை, கோயிலில் பாட்டு போடுகிற நேரத்தில் எழுந்து பார்த்தாலும் 21க்குக் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது ஸ்ரீநகரில். ஜபர்வான் மலையடிவாரத்தில், தால் ஏரியைப் பார்த்தாற்போல் ஒரு துலிப் தோட்டம் இருக்கிறது. 2007இல் அமைத்தது. 2009 ஏப்ரலில் அதைப் பார்த்தேன். படிப்படியாக வெட்டிய மலைச் சரிவில் சிவப்பு ஒரு பட்டை, மஞ்சள் ஒரு பட்டை, வெள்ளை ஒரு பட்டை என்று, அணிவகுப்பில் பட்டாலியன்கள் நிற்கிற மாதிரி நின்றன. ஆனால் அந்த ஏப்ரலை விட அதற்கு முந்தின நவம்பர்தான் எனக்குப் பெரிய பாடம். எங்கள் முகாம் மெஸ்ஸுக்கு முன்னால் சின்னதாக ஒரு பாத்தி. அதில் வயதான மாலி (தோட்டக்காரர்) ஒருவர் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார். கையால் ஒரு சாண் அளந்து குழி, கூர்முனை மேலே பார்க்க ஒரு கிழங்கு, மேலே மண், காலால் ஒரு மிதி. இத்தனை ஆழம் எதற்கு என்று இந்தியில் கேட்டேன். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு மண் மேலே இருக்க வேண்டும் என்றார். இன்னும் ஒரு மாதத்தில் பனி விழுமே, செத்துப்போகாதா என்றேன். சிரித்துவிட்டு, “சாகிப், அதுக்காகத்தான் இப்பவே நடுறேன். இது பனிக்குள்ள தூங்கணும். தூக்கம் கெட்டா பூ வராது” என்றார்.

டிசம்பர் 21இல் அங்கே ‘சில்லாய் கலான்’ தொடங்கும். நாற்பது நாள். தால் ஏரியின் ஓரம் உறைந்துபோகும், குழாயில் தண்ணீர் வராது, கையுறையைக் கழற்றி இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் அந்த நாற்பது நாளைத் திட்டித் தீர்ப்போம். மாலி மட்டும் பாத்தியின் மேல் கிடக்கிற பனியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். மார்ச் கடைசியில் அந்தப் பனியைத் துளைத்துக்கொண்டு பச்சை மூக்கு ஒன்று வெளியே வந்ததைப் பார்த்த நாளில், ஊருக்குப் போனதும் இதை நட்டே தீருவது என்று முடிவு செய்தேன். நான் கவனிக்காமல் விட்டது, அந்த நாற்பது நாளை மூட்டை கட்டி ஊருக்குக் கொண்டுவர முடியாது என்பதைத்தான்.

மலையில் வளர்க்கலாமே என்பார்கள். ஸ்ரீநகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,585 மீட்டர். நம் எல்லையில் நிற்கிற மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கும் மேல். உயரத்தில் நாம் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் ஸ்ரீநகர் 34 பாகை வடக்கில் இருக்கிறது, நாம் 8 பாகையில், கடலுக்குள் கால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மகேந்திரகிரி உச்சியில் மேகம் படியும், மழை கொட்டும், பனி விழாது.

இனி என் கதை. 2021 அக்டோபரில் ஆன்லைனில் பத்து துலிப் கிழங்கு வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். அட்டைப் பெட்டியில் ‘பல்ப்’ என்று எழுதியிருந்தது. கொரியர்காரப் பையன் மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, “அண்ணாச்சி, பல்புன்னு போட்டிருக்கு, ஒடஞ்சிருக்கான்னு பாத்து கையெழுத்துப் போடுங்க” என்றான். அப்போது சிரித்தேன். நான்கு மாதம் கழித்துத்தான் நான் எந்த அர்த்தத்தில் பல்பு வாங்கியிருக்கிறேன் என்று புரிந்தது. என் வீட்டுக்காரி பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “உள்ளிக்கா இவ்வளவு ரூவா குடுத்தீங்க?” என்றாள். உள்ளி என்றால் எங்கள் ஊரில் வெங்காயம். பார்க்க அப்படித்தான் இருந்தது. பெரிய உள்ளி, மேலே செம்பழுப்புத் தோல், நுனி கூராக.

தென்மேற்கு முற்றத்தில், மாமரத்து நிழல் படாத இடமாகப் பார்த்து, மாலி சொன்ன ஆழத்தில் நட்டேன். வடகிழக்குப் பருவமழை விடாமல் அடித்த வருடம் அது. ஆறு கிழங்கு அழுகியது. நாலு முளைத்தது. சாம்பல் பூத்த பச்சையில் அகலமான இலை, தலைக்கு இரண்டு. பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூட இறக்காமல் ஓடிப்போய்ப் பார்ப்பாள். “பாட்டா, பூ எப்ப வரும்?” “வரும் மக்களே.” தை கடைசியில் இலைகளுக்கு நடுவே ஒரு மொட்டு தென்பட்டது, பச்சைப் பட்டாணி அளவு. அந்த அளவிலேயே நின்றது. தண்டு நீளவில்லை. இலையின் அடிமடியிலேயே உட்கார்ந்து, பழுப்பாகி, காகிதமாகி உதிர்ந்தது. நாலும் அப்படியே.

ஏன் என்று தெரிந்துகொள்ள அடுத்த வருடம் புதிதாக வாங்கியதில் ஒன்றைப் பலிகொடுத்தேன். அடுக்களைக் கத்தியால் நெட்டுக்குத்தாக இரண்டாகப் பிளந்தேன். ஆசிரியர் அவர்களே, தங்கள் கட்டுரையாளர் ஒரே ஒரு கிழங்கை இப்படிப் பிளந்து பார்த்திருந்தால் கட்டுரையை வேறு மாதிரி எழுதியிருப்பார். உள்ளியைப் போலவே வெள்ளை மடல்கள், ஒன்றுக்குள் ஒன்று. அடியில் தட்டையாக ஒரு வட்டு, வேர் விடுகிற இடம் அது. அந்த வட்டின் நடுவில், மடல்களெல்லாம் கூடி அணைத்துப் பிடித்த மாதிரி, இலைகள் ஏற்கெனவே தயாராக மடிந்து நின்றன. அந்த இலைகளுக்குள்ளே, பேத்தியின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், அரிசி மணியை விடச் சின்னதாக முழுப் பூவே இருந்தது. இதழ் ஆறு. நடுவில் சூலகம். மகரந்தத் தாள்களைக்கூட எண்ண முடிந்தது, அதுவும் ஆறு. நிறம் மட்டும் இல்லை, எல்லாம் மங்கிய மஞ்சளும் பச்சையுமாக.

அதாவது நாம் கிழங்கு வாங்கும்போதே பூ உள்ளே உருவாகி முடிந்துவிட்டது. முந்தின கோடையில், இலை காய்ந்தபின், சும்மா கிடக்கிறபோது கிழங்கு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மிச்சம் இருப்பது தண்டு நீண்டு அந்தப் பூவை வெளியே தூக்கிப் பிடிக்க வேண்டியதுதான். அந்தத் தண்டை நீளவிடுகிற சாவிதான் குளிர். நீண்ட குளிரில் மடல்களில் சேர்த்து வைத்த மாவு கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறுகிறது. குளிர் கிடைக்காவிட்டால் என் முற்றத்தில் நடந்ததுதான் நடக்கும். பிள்ளை தொட்டிலிலேயே கிடந்து போய்ச் சேர்ந்துவிடும். விற்கிறவனுக்கு இது தெரியும். பெட்டியில் ‘100 சதவீதம் முளைக்கும்’ என்று போட்டிருந்தான். முளைக்கும் என்றுதான் எழுதியிருந்தான், பூக்கும் என்று எழுதவில்லை. கோர்ட்டுக்குப் போனாலும் அவன் பக்கம்தான்.

இரண்டாம் வருடம் ஃபிரிட்ஜ். காய்கறித் தட்டில் நாலைந்து டிகிரி இருக்கும், 14 வாரம் வைத்தால் போதும் என்று கணக்குப் போட்டேன். ஓட்டை போட்ட காகிதப் பையில் ஒன்பது கிழங்கு. அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்காரிக்குப் பித்தப்பை ஆபரேஷன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் கொண்டுவந்த ஆப்பிளையெல்லாம் மகள் அதே தட்டில் அடுக்கிவிட்டாள். எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. ஜனவரியில் எடுத்து நட்டேன். இந்தத் தடவை தண்டு நன்றாகவே நீண்டது. நுனியில் மொட்டு இருந்தது, தொட்டால் உள்ளே ஒன்றுமில்லை. வெறும் சருகுப் பொட்டலம்.

பழுக்கிற பழம் எத்திலீன் என்ற வாயுவை விடும், அது கிழங்குக்குள் இருக்கிற பூவைக் கொன்றுவிடும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். படித்தபோது தலையில் அடித்துக்கொண்டேன், ஏனென்றால் இது நம் ஊர்க்காரனுக்குத் தெரியாத விஷயமே இல்லை. வாழைக்குலையைக் குழியில் இறக்கிப் புகை போட்டு மூடிப் பழுக்க வைக்கிறோமே, அந்தப் புகையில் வேலை செய்வதும் இதே வாயுதான். பழுத்த பழம் ஒன்றைக் காய்க்கு நடுவில் வைத்தால் எல்லாம் பழுக்கும் என்று எங்கள் ஆத்தாவுக்கே தெரியும். அவள் பேரனான எனக்கு ஃபிரிட்ஜைக் கண்டதும் அது மறந்துபோயிற்று.

மூன்றாம் வருடம் ஜெயித்தேன் என்று சொன்னேனே, அதையும் சொல்கிறேன். அக்டோபர் முதல் வாரம் எட்டுக் கிழங்கு. இந்தத் தடவை பழத்தட்டைக் காலி செய்துவிட்டு, வாரம் ஒருமுறை பையைத் திறந்து பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்த்து, பொங்கல் கழிந்து மண்சட்டியில் மணல் கலந்த மண்ணில் நட்டேன். காலை வெயில் மட்டும் படுகிற கிழக்குத் திண்ணை. பானைத் தண்ணீரைத்தான் ஊற்றினேன். பிப்ரவரி மூன்றாம் வாரம் ஐந்து பூத்தது. சிவப்பு. காஷ்மீரில் முழங்கால் உயரம் நின்றது இங்கே ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட. காலையில் கிண்ணம் போல் இருந்தது மத்தியானத்துக்குள் தட்டு போல் விரிந்துவிடும். மூன்றே நாள். பேத்தி பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையெல்லாம் கூட்டிவந்து காட்டினாள். ஐந்து பூவுக்கு ஆன செலவை அவள் அப்பாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

பிறகு? கட்டுரை சொன்ன ‘ஆண்டுதோறும் தானே பூக்கும்’? பூ உதிர்ந்ததும் இலையை வெட்டக்கூடாது, அது தானாக மஞ்சளாகிக் காயும்வரை ஒன்றரை மாதமாவது விட்டுவைக்க வேண்டும், அந்த இலை சமைத்துப் போடுகிற சோறுதான் அடுத்த வருடத்துப் பூ. மாலி சொன்ன பாடம் இது, எல்லாக் கிழங்குப் பூவுக்கும் பொருந்தும். என் இலைகள் மாசி வெயிலில் பதினைந்தே நாளில் கருகின. கிழங்கைத் தோண்டிப் பார்த்தால் ஒன்று இரண்டாகி, இரண்டும் பூண்டுப் பல் அளவு. சரி, கிடக்கட்டும் என்று மண்ணிலேயே விட்டேன். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்து ஆனிச் சாரலுக்குள் எல்லாம் கூழாகிவிட்டது.

இதில் வெயிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. துலிப்பின் பூர்வீகம் மத்திய ஆசியாவின் மலைச்சரிவுகள், பாமீர், தியான்ஷான் பக்கம். அங்கேயும் கோடையில் வெயில் கொளுத்தும். ஆனால் அது காய்ந்த வெயில். மண் பொடியாகக் கிடக்கும், கிழங்கு அதில் நிம்மதியாகத் தூங்கும். அது வறண்டு தூங்க வேண்டிய மாதத்தில் நமக்கு மழை. அது குளிரில் கிடக்க வேண்டிய மாதத்திலும் நமக்கு மழை. நெற்போகத்துக்கே கன்னிப்பூ, கும்பப்பூ என்று பெயர் வைத்து, வருடத்தில் இரண்டு மழையை நம்பி வாழ்கிற ஊர் இது. துலிப் நம் ஊர் நாட்காட்டிக்குள் நுழைய ஒரு வாரம்கூட இடமில்லை.

இடையில் இதையும் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டு வாத்தியாரின் மருமகன் ‘நீலத் துலிப் விதை’ என்று ஒரு பொட்டலம் வாங்கினார். விதையிலிருந்து துலிப் பூக்க நாலைந்து வருடத்துக்குக் குறையாமல் ஆகும். சுத்த நீலத்தில் துலிப்பே கிடையாது. முளைத்தது ஏதோ கீரை மாதிரி இருந்தது. ஆடு தின்றுவிட்டது.

என் வீட்டுக்காரி தோவாளைக்காரி. பிறந்த வீட்டில் மாணிக்கமாலை கட்டுகிறவர்கள். அரளியும் பிச்சியும் சம்பங்கியும் விடியுமுன் சந்தையில் கிலோக் கணக்கில் கைமாறுகிற ஊரில் வளர்ந்தவளுக்கு என் மூன்று நாள் துலிப்பைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. குனிந்து மோந்து பார்த்தாள். “மணமே இல்லியே” என்றாள். பிறகு, “கிழங்குல பூக்குறது அப்படி என்ன அதிசயம்? சம்பங்கி கிழங்குல இல்லாம வேற எதுல முளைக்கு?” என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சம்பங்கியும் மெக்சிகோவிலிருந்து வந்த கிழங்குதான். அது நம் வயலில் குடியேறி, நம் கல்யாண மாலையில் ஏறி உட்கார்ந்துவிட்டது, ஏனென்றால் அதற்குப் பனி வேண்டாம்.

அவள் பின்கட்டுக்கு என்னைக் கூட்டிப்போய்க் காட்டியதை எல்லாம் நான் பத்துப் பதினைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். கிணற்றடியில் ஈஸ்டர் லில்லி. கோயில் முற்றத்திலும் சர்ச் காம்பவுண்டிலும் பார்க்கலாம், பங்குனி சித்திரையில் இலையில்லாமல் ஒரு குழல் தண்டு எழும்பி, நுனியில் நாலு திசையும் பார்த்து ஆரஞ்சுச் சிவப்பில் நாலு பெரிய பூ. தென்னமெரிக்கக் கிழங்கு. துலிப்பை நடுகிற மாதிரி இதை ஆழமாக நட்டால் அழுகிவிடும், கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். “கழுத்த மூடுனா மூச்சு முட்டும்” என்பது வீட்டுக்காரியின் விளக்கம். மாசியில் தண்ணீர் ஊற்றாமல் காயப்போட்டு, கோடை மழைக்கு விட்டுவிட வேண்டும். அதற்குப் பக்கத்தில் மே மாதம் மட்டும் தலைகாட்டுகிற பந்துப்பூ. ஆப்பிரிக்காக்காரி. ஒரே தண்டில் நூற்றுக்கும் மேல் சின்னப் பூக்கள் சேர்ந்து சிவப்புப் பந்தாக நிற்கும். கார்த்திகைக்குள் இலை காய்ந்து அடையாளமே இல்லாமல் மறைந்துபோகும். எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நானே ஒரு தடவை மண்வெட்டியால் வெட்டியிருக்கிறேன்.

ஊருக்கு வடக்கே பொத்தை என்கிற சின்னக் குன்றின் அடியில், கல்லும் முள்ளும் கிடக்கிற புறம்போக்கில், நரிவெங்காயம் உண்டு. கொதிக்கிற வெயிலில், சுற்றிலும் புல்லே காய்ந்து கிடக்கும்போது, ஓர் இலைகூட இல்லாமல் மெல்லிய ஈர்க்கு மாதிரி ஒரு தண்டு மட்டும் எழும்பிப் பூக்கும். நிறம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, பழுப்பு வெள்ளை. மழை விழுந்த பிறகுதான் இலை. அதைத்தான் நான் நம் ஊரின் வசந்தகாலக் கிழங்கு என்பேன். எங்கள் ஊரில் யாரும் நட்டதில்லை, யாரும் விலைக்கு விற்பதுமில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது மழை லில்லி. சின்ன உள்ளியை விடக் கொஞ்சம் பெரிய கிழங்கு, புல் மாதிரி இலை. நடைபாதை ஓரமாக வீட்டுக்காரி பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து ஊன்றியது. போன சித்திரையில் இருபது நாளுக்கு மேல் மழையில்லை. இலையெல்லாம் சுருண்டு, அங்கே ஒன்றும் இல்லாத மாதிரி கிடந்தது. ஒரு சாயங்காலம் இடியோடு ஒரு மணி நேரம் கொட்டியது. மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டே பார்க்கிறேன், மண்ணைப் பிளந்துகொண்டு ஊசி ஊசியாகச் சிவப்பு நுனிகள். மத்தியானத்துக்குள் விரல் நீளம். நாலாம் நாள் விடிந்தபோது நடைபாதை ஓரம் முழுக்க இளஞ்சிவப்பு, எண்ணிப் பார்க்கப் பேத்தி உட்கார்ந்து 63இல் தப்பவிட்டாள். இரண்டு நாளில் வாடிவிட்டது. அடுத்த வறட்சி, அடுத்த மழை, மறுபடியும். குழாய்த் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றிப் பார்த்திருக்கிறேன், ஒன்றிரண்டு பூக்கும், இப்படி மொத்தமாகக் கிளம்பாது. துலிப்புக்குப் பனித் தூக்கம் மாதிரி இதற்கு வறட்சித் தூக்கம். எழுப்புகிறது மட்டும் வேறு ஆள். நமக்கு மழை இரண்டு பருவத்திலும் உண்டு, நடுவில் கோடை மழையும் உண்டு. ஸ்ரீநகர் துலிப் வருடத்துக்கு ஒருமுறை பூக்கிறது. போன வருடம் என் நடைபாதை ஐந்து முறை பூத்தது.

இன்னொன்று, தங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாதது. இந்தக் கிழங்குகளில் பலவும் விஷம். 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்துக்காரர்கள் வேறு வழியில்லாமல் துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள் என்பது உண்மைதான். நடுக்குருத்தை எடுத்துவிட்டுத்தான் சமைத்தார்கள். டாஃபோடில் கிழங்கோ உள்ளி என்று நினைத்துக் குழம்பில் போட்டால் வாந்தியும் வயிற்றுவலியும் நிச்சயம். ஹயசின்த் கிழங்கை வெறுங்கையால் அளைந்தால் சேனைக்கிழங்கு நறுக்கிய மாதிரி அரிக்கும், இரண்டிலும் இருப்பது ஒரே ஆக்சலேட் ஊசிகள். நரிவெங்காயம் இதயத்தைப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலே நம் மாநிலப் பூ. காந்தள், கார்த்திகைப் பூ, கண்வலிக்கிழங்கு என்று எந்தப் பெயரில் சொன்னாலும் அந்தக் கிழங்கு ஆளைக் கொல்லும். மூலனூர், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் இதை விதைக்காகவே பயிர் செய்கிறார்கள், அதிலிருக்கிற கோல்சிசின் மூட்டுவாத மருந்துக்குப் போகிறது. இந்த ஐப்பசியில் என் வேலியிலும் நாலைந்து பூத்து நிற்கிறது. இலை நுனியையே விரலாக்கி வேலியைப் பிடித்துக்கொண்டு, மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடிகிற அந்தத் தீ நாக்குகளைப் பேத்திக்கு எட்ட நின்று காட்டினேன். கிழங்கு இருக்கிற இடம் அவளுக்குத் தெரியாது.

ஆகவே தங்களிடம் நான் கேட்பது, அந்த ‘எந்தச் சூழலையும் தாங்கும்’ என்ற வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். குளிர்கால இரவு எத்தனை டிகிரிக்கு இறங்குகிற ஊரில் இது வரும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும், ஊட்டி, கொடைக்கானல் வாசகர் ஒரு முடிவெடுப்பார், நாகர்கோவில் வாசகர் வேறு முடிவெடுப்பார். ஆசைக்கு ஒருதரம் பார்க்க வேண்டும் என்பவர்களை நான் தடுக்கவில்லை, தடுக்கிற தகுதியும் எனக்கில்லை. 14 வாரம் ஃபிரிட்ஜில், பழம் இல்லாத தட்டில், பிளாஸ்டிக் பையில் போடாமல், மூன்று நாள் பூவுக்காக, அதுவும் ஒரே ஒரு வருடத்துக்கு என்று முழுசாகச் சொல்லிவிட்டு எழுதுங்கள். அப்படியே மாசி மாதத்தில், கோடை மழைக்கு முன்னால், ஈஸ்டர் லில்லிக்கும் மழை லில்லிக்கும் அரைப்பக்கம் ஒதுக்கினால் நல்லது. படம் வேண்டுமானால் நான் தருகிறேன். மழை லில்லிக் கிழங்கு வேண்டுமென்று யாராவது வந்தால் விலைக்கு விற்கிற மாதிரி இல்லை, ஒரு தூர் பிடுங்கினால் நாற்பது வரும், அள்ளிக் கொடுக்கத்தான் ஆளில்லை. வாத்தியார் முதல் ஆளாக ஒரு வாளி கொண்டுபோய்விட்டார்.

இவ்வளவும் எழுதியவன் ஒன்றை மறைப்பது நியாயமில்லை. இந்த வருடமும் எங்கள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் ஆறு கிழங்கு இருக்கிறது. பேத்தி விடவில்லை. பையின் மேல் அவளே ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: ‘பாட்டாவின் உள்ளி. குழம்புக்கு எடுக்கக் கூடாது.’

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர்,
பூதப்பாண்டி, கன்னியாகுமரி மாவட்டம்.
(பெயரைப் போட வேண்டாம். செலவுக் கணக்கு மருமகன் கண்ணில் பட்டுவிடும்.)